பாண் வான் நின்ற தெருவோரங்கள்

எங்களுக்குக் கலியாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொழும்புத்துறையில் வாடகைக்கு எடுத்த வீட்டின் குசினிக்குத் தேவையான சட்டி பானை எல்லாம் இன்னும் வாங்கி முடியவில்லை. அதற்குள் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், மழை தொடங்கியிருந்த நேரத்தில், ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் உடனே வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கே போகச் சொன்னார்கள் என்பதில் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை. முன்வீட்டார் தென்மராட்சி என்றார்கள். பக்கத்து வீட்டார் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு என்றார்கள். என் கணவர் இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றார். எனக்கு அவர் சொன்னதையே நம்பவேண்டும் போல இருந்தது.

அவர் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் ஏற்றுகிறவர். வான் அவருடைய சொந்த வான். பழையது, பச்சை நிறம். பின்பக்கத்தில் பாண் அடுக்கும் பலகைத் தட்டுகள் இருந்தன. ஒரு பக்கத்துத் தட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டு அந்த இடத்தில் பாயும் உடுப்பு மூட்டையும் அரிசியும் அடுப்பும் ஏற்றினோம். பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம் அது. சிறிய போத்தலில் இருக்கும் பெற்றோலில் சில துளி விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். பற்றரியும் செத்துப்போயிருந்ததால் தள்ளித்தான் கிளப்ப முடியும். நான் தள்ள, அவர் ஓட்டத்தில் ஏறிப் பிடித்துக் கிளப்ப, அப்படியே வெளிக்கிட்டோம்.

அரியாலை தாண்டிச் செம்மணி வெளிக்கு வந்தபோது வான் என்றும் சைக்கிள் என்றும் வேறுபாடு இல்லை. எல்லாமே மனிதர் நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்தன. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கைதடிக்கு வர அடுத்த நாள் பகலாகிவிட்டது. அங்கே கோப்பாய்ப் பக்கத்திலிருந்து வருகிற சனமும் வந்து சேர்ந்ததால் சந்தியில் ஒன்றும் அசையவில்லை. இயந்திரம் கொதித்தது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். பின்னால் வந்த ஒரு தள்ளுவண்டியின் சில்லு எங்கள் வானோடு கொழுவிக்கொண்டதால் நான் இறங்கிப்போய் அந்தப் பெண்ணோடு சேர்ந்து அதை இழுத்து விலக்கினேன். திரும்பி வந்து பார்த்தால் முன் இருக்கையில் ஒரு வயதான மனிதர் இருக்கிறார். நனைந்த வேட்டி, நெற்றியில் கரைந்த திருநீறு, கையில் குடை. மடியில் பிடிபிடியாகக் கட்டிய விதை வெங்காயம்.

"ஏறு பிள்ளை, மழை வருது" என்றார், தன்னுடைய வானுக்குள் கூப்பிடுவது போல.

அதே நேரத்தில் மறுபக்கக் கதவால் என் கணவர் வாளியோடு வந்து, "நல்லா நனைஞ்சுபோனியள் மாமா, உள்ளுக்குத் தள்ளி இருங்கோ" என்றார். நான் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். முதலில் மாமா என்று கூப்பிட்டது நீர்தான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் தெரியாத வயதானவரை ஐயா என்றோ அப்பு என்றோ கூப்பிடுவார்கள். மாமா என்றால் சொந்தம். என் கணவர் மாமா என்றதும் இந்த மனிதர் அவருடைய ஆட்களில் ஒருவர் என்று நினைத்தேன். கலியாணத்துக்கு அவருடைய பக்கத்தில் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். யார் பெரியப்பா, யார் சித்தப்பா என்று எனக்கு ஒன்றும் பிடிபட்டிருக்கவில்லை. அவருடைய மாமா எனக்கும் மாமாதான். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதைக் கேட்டு, இவர் என்னுடைய ஆள் என்று என் கணவரும் முடிவு செய்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

மீசாலையில் என் கணவருக்கு ஒரு சிநேகிதர் வீடு இருந்தது. அங்கே போனால் படலைக்கு வெளியிலேயே சனம் பாய் விரித்திருந்தது. கிணற்றடியில் வரிசை. வீட்டுக்காரர் தலைவாசலில் நின்று கைகளை விரித்துக் காட்டினார்; கோபமில்லை, அழுதுவிடுவார் போல இருந்தது. வானை வளவுக்குள் விடவும் இடமில்லை. சரி, வானுக்குள்ளேயே படுப்பம், றோட்டுக்கரையில் எங்காவது விடுவம் என்றார் என் கணவர். அது லேசான காரியம் என்று அப்போது நினைத்தோம். றோட்டு எல்லோருக்கும் பொதுதானே, ஒருவரும் காசு கேட்கப்போவதில்லையே.

ஆனால் வான் நிறுத்தும் இடத்தில் எங்கள் மூன்று பேருக்கும் மூன்று விதமான தேவை இருந்தது. என் கணவருக்குச் சரிவு வேண்டும். காலையில் தள்ளாமல் உருட்டிக் கிளப்பலாம் என்பது அவர் கணக்கு. தட்டையான எங்கள் நாட்டில் சரிவுக்கு எங்கே போவது? மதகுகளில்தான் றோட்டுக் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆகவே அவர் மதகு மதகாகத் தேடினார். எனக்குக் கிணறும், பெண்கள் ஒதுங்க மறைவும் வேண்டும். மதகடியில் இரண்டும் கிடையாது, இரண்டு பக்கமும் வயல்வெளி. மாமாவுக்குக் காற்று வேண்டும். வெங்காயத்தை அவர் பாண் தட்டுகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஈரம் பட்டால் முளைத்துவிடும், அழுகிவிடும் என்று இரண்டு நாளுக்குள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

"உந்தப் பனங்கூடலுக்குள்ளை விடாதை தம்பி. காத்தும் வராது, மட்டையும் விழும்" என்பார். என் கணவர் பேசாமல் வானை எடுப்பார். எனக்கு ஆச்சரியமாக இருக்கும், சொந்த மாமாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று.

முதல்நாள் பின்னேரம் ஒரு வேலியோரமாக விட்டோம். சோறு வடிக்க அடுப்பு மூட்டியதும் வளவுக்காரப் பெண் வந்து, வேலியில் புகை படுகிறது என்றாள். தள்ளி விட்டோம். தள்ளி விட்ட இடம் வேறொருவருடைய ஒழுங்கை வாசல் என்று இன்னொருவர் வந்தார். எது றோட்டு, எது வளவு, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால். அங்கே நல்ல கிணறு இருந்தது. ஆனால் சனம் கூடிய இடத்தில் வான் நின்றால் மேலே பிளேனில் குண்டு போட வருகிறவன் பார்ப்பான் என்று சிலர் சத்தம் போட்டார்கள். தென்னோலை வெட்டி மேலே போடச் சொன்னார்கள். போட்டோம். ஓலை போட்டதால்தான் சந்தேகப்படுவான் என்று வேறு சிலர் வந்து இழுத்துப் போட்டார்கள். யார் சொல்வது சரி என்று தெரியாமல், பாதி ஓலையோடு அந்த இடத்தை விட்டும் எடுத்தோம்.

இதற்குள் இன்னொரு தொல்லை. வானின் இரண்டு பக்கமும் பேக்கரியின் பெயரை எழுதியிருந்தார்கள். எங்கே நிறுத்தினாலும் விடியக் கதவைத் திறந்தால் சனம் வரிசையில் நிற்கும்.

"பாண் இல்லை அண்ணை, நாங்களும் இடம்பெயர்ந்து வந்த ஆக்கள்" என்பேன்.

"அப்ப எத்தினை மணிக்கு வரும்?" என்று கேட்பார்கள்.

சிலர் நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். ஒரு தாய் குழந்தையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். வெங்காயம் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று அந்தப் பகல் முழுதும் யோசித்தேன்.

ஒவ்வொரு பின்னேரமும் மாமா றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கடை ஆக்கள் இன்னும் வரேல்லையே பிள்ளை" என்பார். நான் "வருவினம் மாமா, எல்லாரும் பின்னாலைதான் வருகினம்" என்பேன். என் மாமியாரும் மச்சாள்மாரும் மானிப்பாயிலிருந்து வெளிக்கிட்டார்களா என்று தெரியாத கவலை எனக்கும் இருந்தது. அவர்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கடை என்ற ஒரு சொல்லுக்குள் அவருடைய ஆட்களும் என்னுடைய ஆட்களும் வேறுவேறாக நடந்துவந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் வரணிப் பக்கம் போனோம். சனம் குறைவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். குறைவில்லை. பொழுது படுகிற நேரத்தில் ஒரு பக்க றோட்டால் திரும்பியபோது அகலமான ஒரு வெளி கண்ணில் பட்டது. நல்ல இறுகின மண். றோட்டிலிருந்து சற்றே உயர்ந்த இடம், ஆகவே சரிவும் இருந்தது. ஓரத்தில் ஒரு சிறிய கூரைக் கட்டடம், அதற்குப் பக்கத்தில் ஒரு கிணறு, அப்பால் பற்றைகள். காற்று நன்றாக அடித்தது. மூன்று பேருக்கும் வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில். மாமா இறங்கி நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இது இடம்" என்றார். தென்மராட்சி முழுவதும் ஒரு அடி இடத்துக்கு அடிபடுகிறபோது இந்த இடத்தில் ஏன் ஒரு குடும்பம்கூட இல்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. களைப்பு ஒரு காரணம். கேட்டால் இடம் போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்திருக்க வேண்டும்.

காலையில் பறைச் சத்தம் கேட்டு எழும்பினேன். ஒரு பாடை வந்துகொண்டிருந்தது. பின்னால் கொஞ்சம் ஆண்கள், ஒருவர் கையில் கொள்ளிக்குடம். எங்கள் வானுக்கு முன்னால் வந்து எல்லோரும் நின்றார்கள். பறையும் நின்றது. நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்திருந்தது சுடலை வாசல்.

 அவர்கள் கோபப்படுவார்கள் என்று பார்த்தேன். கோபப்படக்கூட அவர்களிடம் தெம்பு இருக்கவில்லை. அவர்களும் எங்களைப் போல வந்தவர்கள்தான். வந்த இடத்தில் தகப்பன் மோசம் போய்விட்டார். நாலைந்து பேர் பாடைக்குப் பக்கத்திலிருந்து விலகி வந்து வானைத் தள்ளிக் கொடுத்தார்கள். தள்ளிக்கொண்டே ஒருவர் மெல்லக் கேட்டார், பாண் இருக்கிறதா, பிள்ளைகள் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று. எங்களிடம் இருந்த அரிசியில் பாதியைப் பையில் போட்டுக் கொடுத்தேன். செத்தவீட்டுக்காரருக்குச் சுடலை வாசலில் வைத்து அரிசி கொடுக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை; ஆனால் வாங்கிக்கொண்டார்.

வான் கிளம்பி இரண்டு சந்தி தாண்டியதும் ஒரு வாய்க்கால் கரையில் நிறுத்தச் சொல்லி, தலையில் ஊற்றிக் குளிக்கவேண்டும் என்று மாமா இறங்கினார். அவர் தள்ளிப் போனதும் என் கணவர் என்னைப் பார்த்தார். கலியாணமானதிலிருந்து அவர் என்னோடு கோபமாகக் கதைத்தது அன்றைக்குத்தான்.

"உம்மடை மாமா சொன்னதைக் கேட்டு வானை அங்கை விட்டன். இனி நான் ஒருத்தற்றை கதையும் கேக்கமாட்டன்" என்றார்.

"என்ரை மாமாவோ? அவர் உங்கடை பக்கமெல்லோ" என்றேன்.

"என்ரை பக்கமோ? நான் உவரைக் கலியாணத்திலையும் காணேல்லை."

"அப்ப ஏன் மாமா எண்டு கூப்பிட்டனீங்கள்?"

"நீர் கூப்பிட்டீர். நானும் கூப்பிட்டன்."

இரண்டு பேரும் வாய்க்கால் பக்கம் பார்த்தோம். முதுகைக் காட்டிக்கொண்டு மாமா வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். இத்தனை நாள் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்ட மனிதர். அவர் யார் என்று அந்த நேரம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பயமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கால் வைக்கிற இடத்தில் ஒரு படி இல்லாமல் போனால் வருகிற தடுமாற்றம் போல ஒன்று.

அவர் திரும்பி வந்ததும் என் கணவர் மரியாதையாகத்தான் கேட்டார், மாமாவுக்கு எந்த ஊர், எங்களுக்கு என்ன முறை என்று.

அவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். "என்ன தம்பி கேள்வி? நீங்கள் மருமோன்ரை தமையன்ரை ஆக்களெல்லே? புத்தூரிலையிருந்து வரேக்கை மோள் சொன்னவள், முன்னாலை போற பாண் வானிலை ஏறி இருங்கோ அப்பா, நாங்கள் பின்னாலை சைக்கிளிலை வாறம் எண்டு."

இல்லை என்று என் கணவர் சொன்னார். கொழும்புத்துறை என்றார். புத்தூரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது என்றார்.

 மாமா வானுக்குள் போய்த் தன் குடையை எடுத்தார். ஒவ்வொரு பிடியாக வெங்காயத்தை அவிழ்க்கத் தொடங்கினார். ஈரத்தில் இறுகின முடிச்சு லேசில் அவிழவில்லை. "பிறத்தியாற்றை வானுக்குள்ளை இருந்துகொண்டு, அங்கை விடு இஞ்சை விடு எண்டு..." என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்தார். வாய்க்கால் கட்டில் போய் இருந்தார். மழை தூறத் தொடங்கியது. குடையைத் தனக்குப் பிடிக்காமல் வெங்காயத்துக்குப் பிடித்துக்கொண்டார். நான் போய்க் கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தடுமாறினேன். ஐயா என்று வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

"மாமா, நனையாமல் வாங்கோ. ஆக்களைத் தேடிப் பிடிப்பம்" என்றேன்.

வந்தார். ஆனால் முன் இருக்கையில் ஏறவில்லை. பின்னால், தட்டுகளுக்குக் கீழே, காலை மடக்கிக்கொண்டு இருந்தார். அன்றைக்கு இரண்டு இடம் பார்த்தோம். எங்கே விட்டாலும் "உங்கடை விருப்பம் தம்பி" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். கடைசியில் அவரே திரும்பி, "இஞ்சை காத்துக் காணுமோ மாமா?" என்று கேட்டார். மாமா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் காணும் என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் இடம் தேடிய விதமே மாறிவிட்டது. முன்பு ஆளில்லாத இடத்தைத் தேடினோம். இப்போது போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடம் வேண்டும். பெரிய றோட்டின் கரையில், சந்திக்குக் கிட்டவாக விட்டோம். புத்தூர் ஆட்கள் என்று யார் போனாலும் மறித்துக் கேட்டோம். ஒருவர் மகளைக் கிளாலியில் வன்னிக்குப் போகிற வள்ளத்துக்கு நிற்கக் கண்டேன் என்றார். இன்னொருவர், இல்லை, சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன் என்றார். இரண்டு பேரும் ஒரே நாளைச் சொன்னார்கள். மண்ணெண்ணெய் அடியில் கிடந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

என் கணவர்தான் ஒரு வழி யோசித்தார். மகளைத் தேடுவதைவிட, மாமா ஏறியிருக்க வேண்டிய பாண் வானைத் தேடுவது லேசு என்றார். பாண் வான் ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். கொடிகாமம் சந்தையடியில் ஒரு பழைய ஓட்டுநர் அகப்பட்டார். புத்தூர்ப் பக்கத்து வான் ஒன்று மிருசுவில் போகிற வழியில் ஒரு மருதமரத்துக்குக் கீழே நிற்கிறது, மண்ணெண்ணெய் முடிந்து அசையாமல் நிற்கிறது என்றார்.

அந்த வானும் பச்சைதான். பக்கத்தில் தறப்பாள் கட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வான் நின்றதும் ஒரு பெண் அடுப்படியிலிருந்து எழும்பிப் பார்த்தாள். மாமா பின்கதவால் மெல்ல இறங்கினார். அவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று தலையில் கை வைத்தாள். பிறகு வந்தாள், தகப்பனிடம் இல்லை, நேரே என்னிடம்.

"ஏறின மனிசன் ஆரெண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையோ நீங்கள்?" என்றாள். "நாங்கள் பிரேதம் வைக்கிற இடமெல்லாம் போய்ப் பாத்திட்டு வாறம்."

 உங்கள் அப்பாவும்தான் எங்களைக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. அவள் என் தோளைப் பிடித்து ஒரு தரம் உலுக்கினாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். என் கை அவள் முதுகைத் தடவியது. தகப்பன் பக்கத்தில் நின்று வெங்காயப் பிடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மருமகன் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவருடைய தமையன்தான் அந்த வானின் சொந்தக்காரர். அவர் எங்கள் வானையும் தன் வானையும் மாறிமாறிப் பார்த்து, "ஆர் பாத்தாலும் மாறி ஏறிப்போடுவினம்தான்" என்றார்.

மாமா விடைபெறுகிறபோது என் கணவரிடம் மட்டும் கதைத்தார். "மதகடியிலை விடாதை தம்பி. மழை பிடிச்சால் வயல் தண்ணி மேலை ஏறும்." எனக்குத் தலையை ஆட்டினார். நான் போயிட்டு வாறன் மாமா என்றேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் இடம் தேடினோம். ஒரு மதகு வந்தது, அவர் நிறுத்தவில்லை. ஒரு கிணற்றடி வந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. சனத்துக்குள்ளால் ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டே இருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்ன மாதிரி இடம் வேண்டும் என்று எங்களுக்கே தெரியவில்லை போல இருந்தது. கொடிகாமத்துக்குத் திரும்பி வந்தபோது அவர் நெல்லியடி றோட்டைக் காட்டி, "உம்மடை அண்ணை வீட்டை போவமோ?" என்று கேட்டார். பெண் எடுத்த வீட்டில் போய் இருக்கமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்ததால்தான் நாங்கள் முதலிலேயே அங்கே போகவில்லை. நான் ஓம் என்றேன். மிச்ச மண்ணெண்ணெய் கப்பூது வெளி வரைக்கும் வந்தது. அதற்கப்பால் நெல்லியடி வரை தள்ளிக்கொண்டும், இடையில் ஒரு உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டும் போய்ச் சேர்ந்தோம். அடுத்த வருஷம் சித்திரை கழியும்வரை அங்கேதான் இருந்தோம்.

மாமாவைப் பற்றிப் பிறகு இரண்டு கதை கேள்விப்பட்டேன். மகள் குடும்பத்தோடு கிளாலியால் வள்ளத்தில் ஏறி வன்னிக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, அவர் கடல் கடக்க மறுத்துவிட்டார், வரணியில் யாரோ கொடுத்த துண்டுத் தோட்டத் தறையைக் கொத்திக்கொண்டு நிற்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் கண்ணால் கண்டதாகத்தான் சொன்னார்கள். என் கணவர் இரண்டாவதை நம்புகிறார். நான் சில நாள் அதை நம்புவேன், சில நாள் மற்றதை.